நானோ ஷீட்டுக்கு 38,000 ரூபாயும் ஒரு கையெழுத்தும்

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 54. மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் எடுத்து, கூடையில் சுமந்துபோய் விற்பவர். கடைசிப் பிரசவம் சிசேரியன். அந்தத் தழும்பின் ஓரத்தில் இரண்டு ஆண்டுகளாக ஒரு வீக்கம் இருக்கிறது. இருமினால் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. ஹெர்னியா (குடலிறக்கம்) என்று சொல்லி, மெஷ் என்ற செயற்கை வலையை வைத்துத் தைக்க வேண்டும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் (HbA1c) 9.4. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5. முழங்கால் வலிக்கு அவ்வப்போது தெருமுனைக் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்கிறார். இறால் உரித்தால் கை தடித்து அரிக்கும்.

மருத்துவமனையில் "நானோ ஷீட்" என்ற ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களாம். வலி மருந்தும் ஆன்டிபயாடிக்கும் அதிலேயே இருக்கும், தானாகக் கசிந்துகொண்டே இருக்கும், ஊசியும் மாத்திரையும் தேவைப்படாது, புண் சீக்கிரம் ஆறும் என்று ஓர் ஊழியர் விளக்கியிருக்கிறார். அதற்குத் தனியாக 38,000 ரூபாய். கூடவே ஆங்கிலத்தில் ஆறு பக்கப் படிவம். அதில் "ஆய்வு" என்று பொருள்படும் சொல் பல இடங்களில் வருகிறது. பி.எல்.ஜி.ஏ., கைட்டோசான், பூபிவாக்கைன் என்று மூன்று பொருள்களின் பெயரும் இருக்கிறது. "நம்மை வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள்" என்று அண்ணன் மறுக்கிறார். கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க மகள் தயாராக இருக்கிறார். ஏனென்றால், சிசேரியனுக்குப் பிறகு அம்மா இரண்டு இரவுகள் வலியில் துடித்தபோது, "பிள்ளை பெற்றவள் கத்தலாமா" என்று அதட்டிவிட்டுப் போனார்களாம். அது எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை.

"சங்கிலியை அடகு வைக்கலாமா? கையெழுத்துப் போடலாமா? நானோ ஷீட் வைத்தால் மெஷ் இல்லாமல் முடித்துவிடலாமா? இது இல்லாத அரசு மருத்துவமனைக்குப் போனால் அம்மா மறுபடியும் அந்த வலியைத்தான் அனுபவிக்க வேண்டுமா?" இவைதான் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், "அம்மா கத்திக்குப் பயப்படவில்லை, மறுநாள் காலைக்குத்தான் பயப்படுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலுமாக இருபத்திரண்டு ஆண்டுகளாக அறுவை சிகிச்சை செய்துவருகிறேன். அந்தப் பயத்தோடு வரும் பெண்கள் அநேகம். அவர்களில் பலர் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள். கட்டிலின் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்திருப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சங்கிலியை அடகு வைக்காதீர்கள். இந்த வாரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவின் வலியை அடக்குவதற்கு நானோ ஷீட் வேண்டியதில்லை. அதற்கான வழிகள் இன்றே நம் ஊரில் இருக்கின்றன. அதே சமயம், உங்கள் அண்ணன் நினைப்பதுபோல அந்த ஷீட் ஏமாற்று வேலையும் அல்ல. நல்ல அறிவியல் அதற்குப் பின்னால் இருக்கிறது.

அந்த ஷீட் என்ன?

ஒரு மாநாட்டில் இத்தகைய ஷீட்டின் மாதிரி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வேகவைத்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் தோல் ஒட்டிக்கொண்டு வருமே, ஏறக்குறைய அதுபோல் இருந்தது. எடையே தெரியவில்லை. ஒரு துளி தண்ணீர் பட்டதும் விரலோடு படிந்துகொண்டது. கண்ணுக்குக் காகிதம்போலத் தெரிந்தாலும் அது ஒரு வலை. மனித முடி ஒன்றின் குறுக்களவில் இருநூறு, முந்நூறு இழைகளை அடுக்கலாம் என்ற அளவுக்கு மெல்லிய இழைகளால் ஆனது.

செய்யும் விதமும் எளிதில் புரியக்கூடியதுதான். உடலில் கரையக்கூடிய ஒரு பாலிமரையும் மருந்தையும் ஒரு திரவத்தில் கரைத்துச் சிரிஞ்சில் ஏற்றுவார்கள். ஊசி முனைக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுப்பார்கள். முனையில் நிற்கும் துளி கூம்பாக இழுபட்டு, நூலாக நீண்டு, காற்றிலேயே காய்ந்து, எதிரே உள்ள உலோகத் தகட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் படியும். இந்த முறை புதியதும் அல்ல. 1934-லேயே அமெரிக்காவில் ஆன்டன் ஃபார்ம்ஹால்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். மருத்துவர்கள் இதன்மேல் ஆசை கொள்ளக் காரணம் உண்டு. நம் தோலுக்கு அடியில் செல்கள் பற்றிக்கொண்டு வளரும் கொலாஜன் இழைகளும் ஏறக்குறைய இதே பருமன் கொண்டவை. புண் ஆறும்போது புதிய செல்கள் பற்றி ஏற ஒரு சாரம் வேண்டும். இந்த வலை அந்தச் சாரமாக நிற்கிறது. இழைக்குள் இருக்கும் மருந்தோ, பாலிமர் கரையக் கரைய, தேவைப்படும் இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருகிறது.

"நானோ என்றால் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இது பறக்கும் தூள் அல்ல, நீளமான இழை. பி.எல்.ஜி.ஏ. என்பது நாங்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் கரையும் தையல் நூலின் குடும்பத்தைச் சேர்ந்தது. லாக்டிக் அமிலமாகவும் கிளைகோலிக் அமிலமாகவும் உடைந்து, உடல் அதைக் கழித்துவிடும். அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

ஆனால் "தானாகக் கசிந்துகொண்டே இருக்கும்" என்று ஊழியர் சொன்னதில் ஒரு பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். இழையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மருந்து முதல் சில மணி நேரத்திலேயே மொத்தமாக இறங்கிவிடுவதுதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. அதை அடக்கத்தான் மருந்தை நடுவில் வைத்து, வெளியே இன்னொரு பாலிமரால் மூடிய இரட்டை அடுக்கு இழைகளைச் செய்து பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடமும் மிக நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. மனிதர்களிடம் வந்துசேர்ந்தது இன்னும் கொஞ்சம்தான். இழை வலையாலான ரெஸ்ட்ராட்டா என்ற புண் விரிப்புக்கு அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்தது. அதில் மருந்து ஏதும் கிடையாது. பூபிவாக்கைன் என்ற மரத்துப்போகும் மருந்தைத் தாங்கிய கொலாஜன் பஞ்சு ஒன்றுக்கு, தொடை இடுக்கு ஹெர்னியா அறுவைக்காக, 2020-ல் அங்கே அனுமதி கொடுத்தார்கள். ஸாராகோல் என்று பெயர். அது நானோ இழையால் ஆனதல்ல. அதற்கும்கூட 24 மணி நேரம் வரை வலி குறைக்கும் என்றுதான் அனுமதி. இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷீட்டை வைத்துவிட்டால் வாரக்கணக்கில் மாத்திரையே வேண்டாம் என்று யாராவது சொன்னால், எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

மெஷ் வேறு, இது வேறு

மெஷ் பாலிப்ரொப்பிலீன் போன்ற பொருளால் ஆனது. வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை அடைத்து, ஆயுள் முழுவதும் தாங்கி நிற்பது. நானோ ஷீட்டோ கரைந்து போய்விடும். கூடை சுமக்கும் பெண்ணின் வயிற்றை அது தாங்காது. கிழிந்த மடிவலைக்குத் தையல் போடுவதும், தையல் போட்ட கை விரலுக்கு மருந்து தடவுவதும் இரண்டு வேலைகள் அல்லவா? அதுபோலத்தான். மெஷ்ஷை விட்டுவிட்டு இதை மட்டும் வைப்பது என்ற யோசனையை அடியோடு கைவிடுங்கள்.

விலையா, ஆய்வா: இரண்டில் ஒன்றுதான்

நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன இடம் இது. கையில் ஆய்வுக்கான படிவம். வாயில் 38,000 ரூபாய் விலை. இரண்டும் சேர்ந்து வரக்கூடாது.

அந்த ஷீட் விற்பனைக்கு அனுமதி பெற்ற பொருள் என்றால், அதன் உறையில் உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண், லாட் எண், காலாவதி தேதி, அதிகபட்ச சில்லறை விலை ஆகிய நான்கும் அச்சாகியிருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, மருந்தைத் தன்னுள் கொண்ட கருவிகள் அதிக ஆபத்துப் பிரிவில் வருகின்றன. அவற்றுக்கு உரிமம் தருவது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதன் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. உறையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். சரியான பொருளாக இருந்தால் மறுக்க மாட்டார்கள்.

அது ஆய்வு என்றால் கதையே வேறு. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் உங்கள் அம்மாவுக்குக் கேடயமாக இருக்கின்றன. வழக்கமான சிகிச்சைக்கு அப்பால் ஆய்வுக்காக ஆகும் செலவை நோயாளி தலையில் வைக்கக்கூடாது. அப்படியானால் அந்த 38,000 எதற்கு? இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஊழியரிடம் கேட்க வேண்டாம். அறுவை சிகிச்சை நிபுணரிடமே கேளுங்கள். பல சமயம் நடுவில் இருப்பவர்கள் அரைகுறையாகப் புரிந்துகொண்டு சொல்லியிருப்பார்கள். மருத்துவரின் எண்ணம் நேர்மையானதாகவே இருக்கக்கூடும்.

படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில், அதாவது தமிழில், இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். அந்த ஆய்வு எந்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றது, அந்தக் குழுவை எந்த எண்ணில் அழைப்பது என்பது அதில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்; அது சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும். 2009-லிருந்து மருத்துவப் பரிசோதனைகள் எல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். அது எல்லோருக்கும் திறந்தது. கைப்பேசியில் எண்ணைத் தட்டினால், ஆய்வு எங்கே நடக்கிறது, யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்பது வரை படிக்கலாம். சர்க்கரை 9.4 இருப்பவர்களைச் சேர்க்கலாமா என்பதையும் அங்கேயே பாருங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயாளிகளைப் பல ஆய்வுகள் சேர்ப்பதே இல்லை.

சேர்ந்த பிறகு எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காகச் சிகிச்சையைக் குறைக்க முடியாது. ஆய்வின்போது உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். தீங்குக்கு ஆய்வுதான் காரணம் என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் பாதிப் பேருக்குப் புதிய பொருளும் மீதிப் பேருக்குப் பழைய கட்டும் கிடைக்கும். யாருக்கு எது என்று குலுக்கல் முறையில்தான் தீர்மானிப்பார்கள். சேர்ந்துவிட்டாலே ஷீட் கிடைத்துவிடும் என்பது நிச்சயமில்லை.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அவருடைய சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஏழைகள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்து நடந்த தவறுகள் உலகெங்கும் உண்டு. மேலே சொன்ன விதிகள் பிறந்ததே அந்தத் தவறுகளிலிருந்துதான். ஆனால் முறையாக நடக்கும் ஆய்வில் விரும்பிச் சேர்வது அவமானம் அல்ல. இன்று நாம் நம்பிப் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு மருந்தையும் முதலில் யாரோ சிலர் சம்மதித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்து, புரிந்து, தன் விருப்பத்தோடு சேர்கிறாரா என்பதுதான் கேள்வி.

படிவத்தில் நான் கண்ட மூன்று இடங்கள்

நீங்கள் எழுதியனுப்பிய மூன்று பெயர்களையும் அம்மாவின் உடல்நிலையோடு சேர்த்துப் படித்தேன்.

முதலாவது, கைட்டோசான். இது இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. காசிமேட்டில் மலைபோலக் குவியும் அதே ஓடுகள்தான். இறால் ஒவ்வாமை பெரும்பாலும் அதன் சதையில் உள்ள புரதத்தால் வருவது. மருத்துவத்துக்காகச் சுத்திகரித்த கைட்டோசானில் அந்தப் புரதம் மிகமிகக் குறைவு. ஆகவே ஒவ்வாமை வந்தே தீரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் இறால் உரித்தால் கை தடிக்கும் என்பதை நீங்கள் எனக்கு எழுதினீர்களே தவிர, அந்த மருத்துவமனையில் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. நாளைக்கே சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லி, எழுதுவதைப் பாருங்கள்.

இரண்டாவது, பூபிவாக்கைன். அறுவை சிகிச்சையின்போது மயக்க மருத்துவரும் இதே மருந்தை ஊசியாகப் போடக்கூடும். ஷீட்டில் இருக்கும் அளவும் ஊசியின் அளவும் ஒரே உடலில்தான் சேர்கின்றன. மொத்த அளவு எல்லை மீறினால் உதட்டைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை, தலைசுற்றல் என்று தொடங்கி வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் விபரீதம். அதனால் ஷீட் வைப்பதாக இருந்தால் மயக்க மருத்துவருக்கு அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அம்மாவிடமும் இந்த அறிகுறிகளைச் சொல்லிவையுங்கள். நாக்கில் இரும்பு ருசி தெரிந்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று தெரியாமல் எத்தனையோ பேர் சும்மா இருந்துவிடுவார்கள்.

மூன்றாவது, படிவத்தில் இல்லாத ஒன்று. ஆன்டிபயாடிக் இருக்கிறது என்று ஊழியர் சொன்னார். நீங்கள் எழுதிய பட்டியலில் எந்த ஆன்டிபயாடிக்கின் பெயரும் இல்லை. கைட்டோசானுக்குக் கிருமிகளை ஓரளவு தடுக்கும் குணம் உண்டு. அதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அது ஆன்டிபயாடிக் ஊசிக்கு மாற்று ஆகாது. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் போடும் அந்த ஒரு ஊசிதான் சீழ் பிடிக்காமல் காக்கும் முதல் அரண். ஷீட் இருக்கிறது என்று அதை விட்டுவிடக்கூடாது.

இன்னொரு செய்தியும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நன்றாகத் தைத்து மூடிய அறுவைப் புண்ணில் சீழ் பிடிப்பதைத் தடுப்பதற்காகச் சாதாரணக் கட்டுக்குப் பதில் விலை உயர்ந்த நவீனக் கட்டுகளைப் போட வேண்டாம் என்பதே உலக சுகாதார அமைப்பு 2016-ல் தந்த பரிந்துரை. இழை விரிப்புகளின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் ஆறாத சர்க்கரைப் புண், தீப்புண், தோல் போன புண் போன்றவற்றில்தான் செல்களுக்குச் சாரம் தேவைப்படுகிறது. இங்கே அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜன் புண் விரிப்புகளில் நெடுங்காலமாக வேலை செய்துவருவதும் அத்தகைய புண்களை மனத்தில் வைத்துத்தான்.

புண் ஆறுவதைத் தீர்மானிப்பது எது

9.4 என்றால் அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை மூன்று மாதமாகச் சராசரியாக 220-ஐ ஒட்டி இருந்திருக்கிறது என்று பொருள். அந்த ரத்தத்தில் வெள்ளணுக்கள் சோம்பிக் கிடக்கும். கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மெஷ்ஷில் சீழ் பிடித்துவிட்டால் அதை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை வரலாம். எந்த ஷீட்டும் இதை ஈடுகட்டாது. உங்கள் கடிதத்தைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். வீக்கம் படுத்தால் உள்ளே போகிறது என்கிறீர்கள். அப்படியானால் அவசரம் இல்லை. மூன்று மாதம் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். அந்த இடைவெளியில் அந்த 9.4-ஐ 8-க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்சுலின். "இன்சுலின் போட்டால் காலம் முழுக்க விடாது" என்று பயப்பட வேண்டாம். அறுவையை ஒட்டிச் சில வாரங்கள் மட்டும் போட்டு நிறுத்தியவர்கள் நிறையப் பேர். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

ஆனால் காத்திருக்கும் நாள்களில் வீக்கம் திடீரென்று கல்போல இறுகி, உள்ளே போகாமல் நின்று, வலியும் வாந்தியும் வந்தால், அல்லது காற்றுப் பிரியாமல் வயிறு உப்பினால், பகலா இரவா என்று பார்க்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். குடல் சிக்கிக்கொண்டால் மணி நேரக் கணக்குத்தான்.

பக்கத்து வீட்டு ஆயா சொன்ன பத்தியத்தையும் எழுதியிருந்தீர்கள். முட்டையும் மீனும் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று. இது நம் பகுதியில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. அன்பினால் சொல்வதுதான், ஆனால் தவறு. புதுத் தசை வளரப் புரதம் வேண்டும். மீன் விற்கும் வீட்டில் மீனைத் தள்ளிவைத்து, ரசஞ்சோறும் பிரெட்டுமாகக் கிடந்து புண் ஆறாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரியாட்டினின் 1.5 இருப்பதால் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வாமை தரும் இறாலை மட்டும் விட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை

இனி அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். பிள்ளை பெற்றவள் கத்தலாமா என்று கேட்டது கொடுமை. வலியைப் பொறுத்துக்கொள்வதில் மருத்துவ ரீதியாக எந்த நன்மையும் இல்லை. வலிக்கும் வயிற்றை வைத்துக்கொண்டு ஆழமாக மூச்சு விட முடியாது, இரும முடியாது, எழுந்து நடக்க முடியாது. அதனால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். "வலி மருந்து போட்டால் புண் ஆறாது" என்பதும் சரியல்ல.

இன்று எங்களிடம் இருப்பவை இவை. அறுவை முடிந்ததும் வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே, ஸ்கேன் பார்த்து, மரத்துப்போகும் மருந்தைப் போடுவார்கள். டாப் பிளாக் என்பார்கள். முதல் பல மணி நேரத்தை அது கடத்திவிடும். அது தேய்வதற்குள் பாராசிட்டமாலைத் தொடங்கி, வலிக்கிறது என்று சொல்லும்வரை காத்திருக்காமல், மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். மீறி வரும் வலிக்கு அதைவிட வலுவான ஊசி, அளவோடு. வயிற்றுக்குப் பெல்ட். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் பழக்கம். இவற்றுக்கு ஆகும் செலவு நீங்கள் அடகு வைக்க நினைத்த தொகைக்குப் பக்கத்திலேயே வராது. ஸ்டான்லியிலும் இவை உண்டு. மெஷ் வைத்துத் தைக்கும் ஹெர்னியா அறுவை அங்கே அன்றாட வேலை. உங்கள் கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும் ஒரு பொருள் அங்கே இல்லை என்பதால் சிகிச்சை மட்டம் என்று ஆகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், தனியாரிடமே செய்வதானாலும், இந்த அறுவையும் அந்த மருத்துவமனையும் அதில் அடங்குமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்கிறேன். டைக்ளோஃபெனாக் வேண்டாம். தெருமுனைக் கிளினிக்கிலும் வேண்டாம், அறுவைக்குப் பிறகும் வேண்டாம். சர்க்கரையும் 1.5 கிரியாட்டினினும் உள்ள சிறுநீரகத்துக்கு அந்த ஊசி எமன். பார்க்கப்போனால், மருந்தை உடலெங்கும் அனுப்பாமல் புண் இருக்கும் இடத்திலேயே இறக்கும் நானோ ஷீட் போன்றவை நாளை மிகவும் உதவப்போவது உங்கள் அம்மாவைப் போன்ற சிறுநீரகம் தளர்ந்த நோயாளிகளுக்குத்தான். அதனால்தான் இந்த ஆய்வுகள் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அறுவைக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கூடை தூக்கக்கூடாது. தையல் ஆறும்வரை துறைமுகத்தின் ஐஸ் தண்ணீரும் மீன் கழுவிய நீரும் புண் பக்கமே வரக்கூடாது. அந்த நீரில் வாழும் சில கிருமிகள் சர்க்கரை நோயாளியின் புண்ணில் புகுந்தால் மிக மோசமாகப் பரவும். அந்த இரண்டு மாதம் ஏலத்துக்கு யார் போவது, வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். சங்கிலியை அதற்காக வைத்திருங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அம்மாவையும் உள்ளே அழைத்துப்போங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் அண்ணன் சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைப்பது இருக்கிறது, ஆயா சொன்னதும் இருக்கிறது. ஷீட் வேண்டுமா வேண்டாமா என்று அம்மா சொன்ன ஒரு சொல்லும் இல்லை. படிவத்தில் விழ வேண்டியது அவருடைய கையெழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியாது என்றால், அந்த ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க, முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டி விளக்க வேண்டும் என்றே விதி சொல்கிறது. யோசிக்க நேரம் கேட்பதும் அவருடைய உரிமை. தமிழ்ப் படிவம் கைக்கு வந்ததும் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள். பதிவு எண்ணோடு அனுப்பினால் நானும் பதிவேட்டில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.